தண்ணீர் நிற்காமல் ஏறும் வாஷிங் மெஷின்: கேள்வி பதில்

மெஷின் தண்ணீர் எடுப்பதை நிறுத்துவதில்லை என்ற ஒரே குறையைப் பலரும் பலவிதமாகக் கேட்டிருக்கிறீர்கள். வெளியில் ஒன்றுபோலத் தெரியும் இந்தக் குறைக்குள் நான்கைந்து வெவ்வேறு பழுதுகள் ஒளிந்திருப்பதால், ஒருவருக்குச் சொன்ன பதிலை இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மெஷினின் அறிகுறியோடு ஒத்துப்போகிற கேள்வி எது என்று பார்த்துப் படியுங்கள்.

கேள்வி: எங்களுடையது ஃப்ரன்ட் லோடு மெஷின். தண்ணீர் கண்ணாடிக் கதவின் பாதிக்கு மேல் ஏறி, சோப்புத் தட்டு வழியாக வெளியே கொட்டியது. பார்க்க வந்த மெக்கானிக், மெஷினைக் கழற்றாமலேயே போர்டு (மெஷினை இயக்கும் மின்னணுப் பலகை) போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதே மாற்ற வேண்டாம். மெஷினில் விலை கூடிய பாகங்களில் போர்டும் ஒன்று; இந்தக் குறைக்கு அது காரணமாக இருப்பதோ குறைவு. முதலில் காசு செலவில்லாத ஒரு சோதனையைச் செய்யுங்கள். குழாய் திறந்தே இருக்கட்டும். மெஷின் தண்ணீர் எடுத்துக்கொண்டிருக்கும்போது, கையும் தரையும் உலர்ந்திருப்பதை உறுதிசெய்துகொண்டு, சுவிட்சை அணைத்துப் பிளக்கை உருவிவிடுங்கள். பிறகு சோப்புத் தட்டைச் சற்றே இழுத்து, காதை அருகில் வைத்துக் கேளுங்கள்.

மின்சாரம் இல்லாதபோதும் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால், பழுது பெரும்பாலும், தண்ணீரை உள்ளே விடும் இன்லெட் வால்வில்தான். போர்டுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஏனென்றால், மின்சாரம் கிடைத்தால் திறந்து, நின்றால் மூடிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது அந்த வால்வு. பிளக்கை உருவியதும் தண்ணீர் சட்டென்று நின்றுவிட்டால், வால்வு நன்றாகவே மூடுகிறது, ஆனால் அதற்கு மின்சாரம் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது பார்க்க வேண்டியவை தண்ணீரின் அளவை உணரும் பிரஷர் சுவிட்ச், அதன் குழாய், தண்ணீர் வெளியேறும் வழி, கடைசியாகத்தான் போர்டு. இந்தச் சோதனையைச் செய்யாமல் யார் எந்தப் பாகத்தின் பெயரைச் சொன்னாலும் அது ஊகமே.

கேள்வி: பிளக்கை உருவியும் தண்ணீர் வருகிறது. மெஷின் வாங்கி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. வால்வு இவ்வளவு சீக்கிரம் கெடுமா?

பதில்: வால்வு தேய்ந்து கெட்டிருக்க வேண்டியதில்லை, ஒரு மணல் துகள் போதும். வால்வுக்குள் வட்டமான ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. அதன் ஓரத்தில் ஊசி முனை அளவில் ஒரு துளையும், நடுவில் இன்னொரு துளையும் உண்டு. நடுத்துளையை ஸ்பிரிங் பொருத்திய சிறிய இரும்புத் தண்டு அடைத்துக்கொண்டிருக்கும். ஓரத்துளை வழியாகத் தண்ணீர் சவ்வின் மேற்புறம் நிறைந்து, அந்த அழுத்தமே சவ்வைக் கீழே அழுத்தி வழியை மூடிவைக்கிறது. தண்டைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளான காயிலில் மின்சாரம் பாயும்போது தண்டு மேலெழும்பி நடுத்துளையைத் திறக்கிறது. மேற்புறத் தண்ணீர் வடிந்து, சவ்வு தூக்கப்பட்டு, வழி திறக்கிறது. அதாவது, வால்வை மூடிவைப்பதில் பெரும் பங்கு குழாய்த் தண்ணீரின் அழுத்தத்துக்கே. ஓரத்துளையில் தூசி அடைத்தால் மேற்புறம் தண்ணீர் நிறைய வழியில்லாமல் வால்வு திறந்தபடியே நின்றுவிடும். சவ்வுக்கும் அது உட்காரும் விளிம்புக்கும் நடுவே ஒரு துகள் சிக்கினால் சிறு கசிவாகத் தொடர்ந்து ஒழுகும்.

குழாயை மூடி, பிளக்கை உருவி, இன்லெட் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். வால்வின் வாயில் ஒரு வலை வடிகட்டி இருக்கும். மூக்குக் குறடால் மெல்லப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். அதில் மணலோ துருவோ படிந்திருந்தால், உள்ளேயும் சென்றிருக்க வாய்ப்புண்டு. பெரும்பாலான வால்வுகள் பிரித்துச் சுத்தம் செய்யும்படி அமைந்தவை அல்ல என்பதால், அதே வகைப் புதிய வால்வைப் போடுவதே நம்பகமான வழி. பழையதைக் கழற்றும் முன் எந்த ஒயர் எந்த முனையில் இருக்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டை வால்வாக இருந்தால் ஒயர்கள் மாறிவிடக்கூடும். மாறினால் சோப்புக்குப் போக வேண்டிய தண்ணீர் கண்டிஷனர் அறைக்குப் போகும்.

கேள்வி: முந்தைய கேள்வியைக் கேட்டவன்தான். அந்த வலையைப் பல மாதங்களுக்கு முன்பே நான் எடுத்துப் போட்டுவிட்டேன். தண்ணீர் மெதுவாக வந்தது என்பதற்காக அப்படிச் செய்தேன். இதுதான் காரணமா?

பதில்: பெரும்பாலும் இதுவேதான். அந்த வலை காப்பது மேலே சொன்ன ஊசித் துளையைத்தான். தண்ணீர் மெதுவாக வந்தால் வலையைக் கழுவ வேண்டும், எடுத்துவிடக் கூடாது. புதிய வால்வு வலையோடுதான் வரும். அதை அப்படியே விட்டுவிட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை கழுவி வாருங்கள்.

கேள்வி: புது வால்வு போட்டும் அதே குறை நீடிக்கிறது. மேல்நிலைத் தொட்டி, மெஷினுக்கு ஏறத்தாழ ஓர் ஆள் உயரத்தில்தான் இருக்கிறது. தொட்டி நிறைந்திருக்கும்போது குறை தெரிவதில்லை. தண்ணீர் குறைந்த பிறகுதான் நிற்காமல் ஓடுகிறது.

பதில்: விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. வால்வை மூடுவதற்குத் தண்ணீரின் அழுத்தம் தேவை என்றேன். தொட்டியின் நீர்மட்டம் வால்வுக்கு மேல் 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 0.1 பார் (அழுத்தத்தின் அலகு), 2 மீட்டர் என்றால் 0.2 பார். பல மெஷின்கள் குறைந்தது 0.3 அல்லது 0.5 பார் கேட்கின்றன. உங்கள் மாடல் எவ்வளவு கேட்கிறது என்பது கையேட்டில் இருக்கும். அழுத்தம் அதற்கும் கீழே போனால் சவ்வு முழுமையாக உட்காராது. தொட்டியை உயர்த்துவது, சிறிய பிரஷர் பம்ப் வைப்பது, குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்ட வால்வு உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் அதைப் போடுவது ஆகிய மூன்றில் ஒன்றைச் செய்யுங்கள். அதே வகையில் இன்னொரு வால்வு வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் மெஷினில் பிளக்கை உருவியதும் தண்ணீர் நின்றுவிடுகிறது. மீண்டும் போட்டு ஓட்டினால் வழிகிற வரை ஏறுகிறது. நீங்கள் சொன்ன பிரஷர் குழாய் எங்கே இருக்கிறது? அதில் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: நானே அதிகம் சரிசெய்த பழுது இது, பெரும்பாலும் புதுப் பாகம் எதுவும் தேவைப்படாத பழுதும்கூட. டிரம்மைச் சுற்றித் தண்ணீரைத் தாங்கும் தொட்டியான டப்பின் அடிப்பகுதியில் குப்பிபோன்ற ஒரு காற்றறை இருக்கும். அதிலிருந்து சுண்டுவிரலைவிட மெல்லிய ஒரு ரப்பர் குழாய் மேலேறி, பிரஷர் சுவிட்சில் சேரும். தண்ணீர் ஏற ஏற, காற்றறையில் அடைபட்ட காற்று அழுத்தப்பட்டு, அந்த அழுத்தம் குழாய் வழியே சுவிட்சை எட்டுகிறது. தண்ணீரின் உயரத்தை மெஷின் அறிந்துகொள்ளும் வழி இதுதான்.

அந்த அழுத்தம் எவ்வளவு சிறியது என்று பாருங்கள்: 10 சென்டிமீட்டர் தண்ணீர் தருவது, நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். ஆகவே குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும், அது முனையில் சற்றே தளர்ந்திருந்தாலும், அதிரும் டப்போடு உரசி ஓரிடத்தில் தேய்ந்திருந்தாலும் காற்று கசிந்துவிடும். டப் காலியாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு மெஷின் தண்ணீர் எடுத்துக்கொண்டே இருக்கும். சோப்பும் பஞ்சும் சேர்ந்த கொழகொழப்பான சாம்பல் நிறப் படிவு காற்றறையின் வாயை அடைத்துக்கொண்டாலும் இதே விளைவுதான்.

தண்ணீரை முழுவதும் வெளியேற்றி, பிளக்கை உருவி, மேல்மூடியைக் கழற்றுங்கள். குழாயை சுவிட்சிலிருந்து எடுத்து, விரல்களால் வளைத்து வளைத்து முழு நீளத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். வெடிப்பு வளைக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். பிறகு கீழ்நோக்கி வாயால் ஊதுங்கள். தடையின்றிக் காற்று போக வேண்டும். ‘குளுக்’ என்ற சத்தத்தோடு ஏதோ விடுபட்டதுபோல் தோன்றினால், அடைப்பு அங்கேதான் இருந்திருக்கிறது. காற்றறையைக் கழற்றி வெந்நீரில் கழுவிவிடுங்கள். குழாய் சுவிட்சோடு சேர்ந்திருக்கும்போது ஒருபோதும் பலமாக ஊதாதீர்கள். உள்ளிருக்கும் சவ்வு கிழிந்துவிடும். பழைய வகை சுவிட்சானால், தனியே ஒரு குழாயைச் செருகி மூச்சு விடுவதுபோல் மெல்ல ஊதும்போது ‘டிக்’ என்றும், விட்டதும் மீண்டும் ‘டிக்’ என்றும் கேட்க வேண்டும். எலக்ட்ரானிக் வகையில் சத்தம் வராது. அதைக் கெட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: குழாய் கழன்று தொங்கியதைக் கண்டுபிடித்து மாட்டிவிட்டேன். ஆனாலும் உடனே ஓட்டிப் பார்த்தபோது மறுபடியும் வழிந்தது.

பதில்: மாட்டும்போது டப்பில் தண்ணீர் இருந்ததா? இருந்திருந்தால் காற்றறையும் தண்ணீரால் நிரம்பியிருக்கும். அழுத்தப்படுவதற்கு அங்கே காற்றே இருந்திருக்காது. முழுவதும் வடித்துவிட்டு, குழாயை ஒருமுறை கழற்றி மாட்டி, பிறகு ஓட்டுங்கள்.

கேள்வி: எங்கள் மெஷின் வழிவதே இல்லை. ஆனால் ஒரு மணி நேரமானாலும் தண்ணீர் எடுத்துக்கொண்டே இருக்கிறது. டிரம்மில் அளவு ஏறவில்லை. இதுவும் வால்வுதானா?

பதில்: இல்லை. ஒருபுறம் வருகிற தண்ணீர் மறுபுறம் வெளியேறிக்கொண்டிருக்கிறது. மெஷின் தண்ணீர் எடுக்கும்போது டிரெயின் ஹோஸின் முனையைப் பாருங்கள். அங்கே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

பம்ப் உள்ள மெஷினானால், ஹோஸின் முனை தரையிலோ தாழ்வான குழாயிலோ கிடக்கிறதா என்று பாருங்கள். பம்ப் ஓடாதபோது தண்ணீரைத் தடுத்து நிறுத்த அதற்குள் கதவு எதுவும் இல்லை. ஹோஸ் எட்டும் உயரம்தான் தண்ணீரைத் தடுத்து நிறுத்துகிறது. பெரும்பாலான ஃப்ரன்ட் லோடு மெஷின்களில் ஹோஸைத் தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிட்டுத்தான் இறக்க வேண்டும். முனையைக் கழிவுக் குழாய்க்குள் ஆழமாகத் திணித்து டேப் சுற்றி அடைப்பதும் தவறு. காற்று நுழைய இடமில்லாவிட்டால், ஒருமுறை தொடங்கிய ஓட்டம் டப்பை முழுவதும் உறிஞ்சிவிடும்.

பம்ப் இல்லாமல், தரையோடு ஹோஸ் கிடந்து தானாக வடியும் டாப் லோடு மெஷின்களுக்கு இந்த உயரக் கணக்கு பொருந்தாது. அவற்றில் டிரெயின் வால்வுதான் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. அதன் ரப்பர் வாயில் ஹேர்பின், நாணயம், சட்டைப் பொத்தான், நூல் உருண்டை என்று ஏதாவது சிக்கியிருக்கும். எடுத்துவிட்டால் குறை தீர்ந்துவிடும்.

கேள்வி: திரையில் ஓ.ஈ. (OE) என்ற பழுதுக் குறியீடு வருகிறது. உறவினர் வீட்டிலும் இதே எழுத்துகள் வந்தன. அவர்கள் டிரெயின் பம்பை மாற்றினார்கள். நாங்களும் மாற்றலாமா?

பதில்: எழுத்துகள் ஒன்றாக இருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் பொருள் மாறும். எல்ஜி மெஷினில் ஓ.ஈ. என்றால் தண்ணீர் வெளியேறவில்லை. அளவுக்கு மீறி நிரம்பினால் எஃப்.ஈ., பிரஷர் சென்சார் பழுதானால் பி.ஈ. என்று காட்டும். சாம்சங்கின் பல மாடல்களிலோ ஓ.ஈ. என்பதே அளவுக்கு மீறி நிரம்பியதைத்தான் குறிக்கிறது. உங்கள் கையேட்டைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம்.

கேள்வி: அப்படியானால், போர்டு உண்மையிலேயே பழுது என்று எப்போது ஒப்புக்கொள்ளலாம்?

பதில்: பிளக்கைப் போட்ட மாத்திரத்தில், எந்த பட்டனையும் அழுத்தாமலேயே தண்ணீர் வரத் தொடங்கி, உருவியதும் நின்றால் ஒப்புக்கொள்ளலாம். வால்வுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் டிரையாக் என்ற போர்டின் மின்னணுப் பாகம் ஷார்ட் ஆகியிருக்கும். போர்டு முழுவதையும் மாற்றாமல், அந்த ஒரு பாகத்தை மட்டும் மாற்றித் தரும் திறமையான எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். முதலில் அவர்களைக் கேளுங்கள். மெஷின் மின்சாரத்தோடு இருக்கும்போது உள்ளே அளந்து பார்க்கும் வேலை அவர்களுடையது, நீங்கள் முயலாதீர்கள்.

கேள்வி: இரவில் மெஷின் அணைந்திருக்கிறது. காலையில் டிரம்மில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது.

பதில்: இன்றிரவு மெஷினுக்கான குழாயை இறுக மூடிவிட்டுத் தூங்குங்கள். காலையில் டிரம் உலர்ந்திருந்தால், வால்வு கசிகிறது. குழாயை மூடியும் தண்ணீர் வந்து, அது கலங்கலாகவோ சோப்பு வாடையோடோ இருந்தால், கழிவுக் குழாயிலிருந்து ஹோஸ் வழியே திரும்பி வருகிறது. ஹோஸை உயர்த்திக் கட்டுங்கள்.

கேள்வி: வால்வு வருவதற்கு ஒரு வாரமாகும் என்கிறார்கள். அதுவரை குழாயைத் திறந்து மூடி ஓட்டலாமா?

பதில்: கசிவு சிறியதாக இருந்து, ஓடி முடியும் வரை நீங்கள் பக்கத்திலேயே நிற்க முடியுமானால் ஓட்டலாம். தண்ணீர் தேவையான அளவு ஏறியதும் குழாயை மூடுங்கள். அடுத்த அலசலுக்கு மட்டும் திறங்கள். தண்ணீர் வழிந்து தரைக்கு வந்துவிட்டால், முதலில் குழாயை மூடுங்கள், பிறகு மெயின் சுவிட்சை அணையுங்கள். ஈரத்தில் நின்றுகொண்டு பிளக்கைத் தொடாதீர்கள். ஃப்ரன்ட் லோடு மெஷினின் கதவை அப்போது வலிந்து திறக்கவும் வேண்டாம். கீழே உள்ள ஃபில்டர் மூடியின் அருகிலிருக்கும் சிறிய ஹோஸ் வழியாகத் தண்ணீரை வடித்துவிட்டு, பிறகு திறங்கள்.