எச்1பி, எச்4, ஓபிடி: அமெரிக்காவில் சொந்தத் தொழில் பற்றி வாசகர் கேள்விகள்

டல்லாஸில் எச்1பி விசாவில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். நண்பரோடு சேர்ந்து ஓர் ஆப் தயாரிக்க எல்.எல்.சி. (சிறு தொழிலுக்கான ஒருவகைக் கம்பெனி) பதிவு செய்ய எண்ணம். சம்பளம் எடுக்கப் போவதில்லை. சிக்கல் வருமா?

பதிவு செய்வதில் சிக்கல் இல்லை. சென்னையில் இருந்தபடியே அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் கம்பெனி பதிவு செய்கிறவர்கள் உண்டு. அதற்கு விசாவே வேண்டாம். வில்லங்கம் அதற்கு மறுநாள், நீங்கள் லேப்டாப்பைத் திறக்கும்போது ஆரம்பிக்கிறது. எச்1பி உங்களுக்காக மனு போட்ட கம்பெனிக்கு மட்டும் உழைக்கத் தந்த அனுமதி. கோடிங் எழுதுவது, டெமோ காட்டுவது, ஆள் எடுப்பது, இன்வாய்ஸ் அனுப்புவது எல்லாமே வேலைதான். "காசே வாங்கலையே சார்" என்று வாரம் ஒருவராவது சொல்கிறார். வேறொருவரை வைத்திருந்தால் சம்பளம் கொடுத்திருக்க வேண்டிய காரியமா என்றுதான் அதிகாரிகள் பார்ப்பார்கள்.

முதல் போடலாம், பங்கு வைத்திருக்கலாம், லாபத்தில் உங்கள் பங்கை வாங்கிக்கொள்ளலாம். நண்பரிடம் கிரீன் கார்டு இருந்தால் அன்றாட வேலையை அவர் பார்க்கட்டும். அவரும் எச்1பி என்றால் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அப்புறம், வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். ராத்திரி வீட்டில் எழுதிய கோடிங்கும் கம்பெனிக்கே சொந்தம் என்று பலருடைய ஒப்பந்தத்தில் இருக்கிறது.

என் கம்பெனியே எனக்கு எச்1பி மனு போட முடியுமா?

முடியும். 2025 ஜனவரி 17-இல் அமலான விதி இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. பாதிக்கு மேல் பங்கு உங்களுடையதாக இருந்தால் முதல் அனுமதியும் முதல் நீட்டிப்பும் தலா 18 மாதம்தான். மற்றவர்களுக்கு 3 ஆண்டு வரை கிடைக்கும். ஏற்கெனவே எச்1பிக்கான லாட்டரியில் (குலுக்கலில்) தேர்வாகி, இந்த விசாவின் 6 ஆண்டு உச்சவரம்பில் மிச்சம் உள்ளவர் மறுபடி லாட்டரிக்குப் போக வேண்டாம். இப்போதைய வேலையை விடாமல், பகுதி நேரத்துக்கு உங்கள் கம்பெனி தனியாக ஒரு மனு போடலாம். நான் பெரும்பாலும் சொல்லும் வழி இதுதான். ஆனால் பட்டப்படிப்பு தேவைப்படும் வேலையாக இருக்க வேண்டும். அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு உள்ள ஊதியத்தைக் கம்பெனி உங்களுக்கு உண்மையிலேயே கொடுக்கவும் வேண்டும். மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார இந்த விசா கிடைக்காது.

கணவர் எச்1பி, நான் அவரைச் சார்ந்த எச்4 விசாவில் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன். இட்லி மாவு அரைத்து வாட்ஸ்அப் குழுவில் விற்கலாமா? பெட்டிக்கு ஏழெட்டு டாலர்தானே!

தொகை சின்னதென்று விசா விதி விலகி நிற்காது. கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்கான மனு) ஒப்புதலாகியிருந்தால் நீங்கள் வேலை அனுமதி அட்டைக்கு, அதாவது ஈ.ஏ.டி.க்கு, விண்ணப்பிக்கலாம், 2015 மே முதல் இந்த வசதி இருக்கிறது. கார்டு கைக்கு வந்துவிட்டால் சொந்தத் தொழில் செய்யலாம், ஆள் வைத்தும் நடத்தலாம். கார்டு இல்லையென்றால் முதல் பெட்டி மாவே விதிமீறல்தான். புதுப்பிப்பதில் கவனமாக இருங்கள். 2025 அக்டோபர் 30 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு, பழைய கார்டு தானாக நீண்டுகொண்டிருந்த சலுகை கிடையாது. கார்டு முடிந்த அன்றே கிரைண்டரையும் நிறுத்த வேண்டும்.

கார்டு வந்தபிறகும் மாவுக்கு இன்னொரு தடை உண்டு. வீட்டில் செய்த கேக்கை விற்கவே நியூ ஜெர்சி 2021-இல்தான் வழிவிட்டது. அந்த அனுமதியில் ஃப்ரிட்ஜில் வைத்தாக வேண்டிய பண்டங்கள் சேராது. மாவு விற்க வேண்டுமென்றால் உரிமம் பெற்ற சமையற்கூடத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும். கேக், பிஸ்கட் மாதிரி வெளியே வைத்தால் கெடாத பண்டங்களில் தொடங்குவது சுலபம்.

எம்.எஸ். முடித்து ஓபிடியில் (படிப்புக்குப் பிறகு மாணவர்களுக்குத் தரும் வேலை அனுமதி) இருக்கிறேன். ஸ்டார்ட்அப் தொடங்கலாமா?

முதல் 12 மாதத்தில் தாராளமாக, படித்த துறையில் இருந்தால். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கான ஸ்டெம் நீட்டிப்பு 24 மாதத்தில் கதை வேறு. பயிற்சித் திட்டப் படிவத்தில் முதலாளியாக நீங்களே உங்களுக்குக் கையெழுத்துப் போட முடியாது.

என்னிடம் இலங்கைக் கடவுச்சீட்டு, கணவர் இந்தியர். இ-2 முதலீட்டு விசா யாருக்குக் கிடைக்கும்?

உங்களுக்கு. அமெரிக்காவோடு இலங்கைக்கு இதற்கான ஒப்பந்தம் இருக்கிறது, இந்தியாவுக்கு இல்லை. நீங்கள் வாங்கினால் கணவர் உங்களைச் சார்ந்தவராக வரலாம், எங்கும் வேலையும் பார்க்கலாம். கம்பெனியில் குறைந்தது பாதி இலங்கையர் கையில் இருக்க வேண்டும். குறைந்தபட்சத் தொகை என்று சட்டத்தில் எதுவும் இல்லை. ஆனால் பணம் வங்கியில் சும்மா கிடந்தால் போதாது, தொழிலில் இறங்கியிருக்க வேண்டும். உங்கள் குடும்பச் செலவுக்கு மட்டும் காணும் கடை என்றால் மறுப்பார்கள். கிரீன் கார்டுக்கு இது நேர்வழியும் இல்லை.

கோயம்புத்தூரில் அண்ணன் நடத்தும் பிரைவேட் லிமிடெட்டில் எனக்கு 30 சதவீதப் பங்கு. எச்1பி விசாவுக்கு ஏதாவது பாதிப்பா?

பங்கு வைத்திருப்பதால் விசாவுக்குப் பாதிப்பில்லை. ஆனால் இங்கே உட்கார்ந்து இரவில் அண்ணனுக்குக் கணக்குப் பார்ப்பது, வாடிக்கையாளரிடம் பேசுவது எல்லாம் வேண்டாம். கம்பெனி இந்தியாவில் இருந்தாலும் வேலை நடக்கும் இடம் அமெரிக்கா. உங்கள் கவலை வரியில் இருக்க வேண்டும். அமெரிக்க வரிக்கு நீங்கள் இங்கே வசிப்பவர் என்ற கணக்கில் வந்தால், இவ்வளவு பங்குக்கு 5471 படிவம் (வெளிநாட்டுக் கம்பெனியில் உள்ள பங்கைத் தெரிவிப்பது) கேட்க வாய்ப்பு உண்டு. தேவைப்பட்டால், லாபமே வராவிட்டாலும் தாக்கல் செய்ய வேண்டும். விட்டால் ஆண்டுக்கு 10,000 டாலர் அபராதம். சாதாரண வரி மென்பொருளில் நீங்களே நிரப்பும் படிவமல்ல இது. இந்திய கம்பெனிக் கணக்கு தெரிந்த சி.பி.ஏ.வாக (அமெரிக்கக் கணக்காளராக) பார்த்து, அண்ணனிடம் இந்த ஆண்டு பேலன்ஸ் ஷீட்டை இப்போதே கேட்டு வையுங்கள்.