400 டாலருக்குள் மகளுக்கு ஒரு கீபோர்டு

தம்பி, திருச்சியிலிருந்து வந்து இன்னும் பெட்டிகூட முழுசாகப் பிரித்திருக்க மாட்டீர்கள், அதற்குள் மகளுக்குக் கீபோர்டு தேட ஆரம்பித்துவிட்டீர்கள், சந்தோஷம். நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது: எட்டு வயசுப் பெண், ஊரில் லண்டன் டிரினிட்டி காலேஜ் இசைத் தேர்வின் இரண்டாம் கிரேடுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள், இப்போது கனடாவில், டொரண்டோவின் ஸ்காபரோவில் ஒரு பெட்ரூம் அபார்ட்மென்ட், கையில் 400 டாலர். 61 கீயா 88-ஆ, புதுசா பழசா, ஊரில் கிடக்கிற காசியோவை மாமியார் வரும்போது கொண்டுவரச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள்.

எந்த மாடல் என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் டீச்சர் யார் என்று முடிவு பண்ணுங்கள். ஊரில் கீபோர்டு என்பது தனிப் பாடம், டிரினிட்டியே அதற்கு எலக்ட்ரானிக் கீபோர்டு என்று தனித் தேர்வு வைக்கிறது, வலது கையில் மெட்டு, இடது கையில் கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்துவது), பின்னால் ரிதம் தானாக ஓடிக்கொண்டிருக்கும். இங்கே டீச்சர்களை விசாரித்தால் பெரும்பாலும் பியானோதான். ராயல் கன்சர்வேட்டரி என்ற கனடா இசைப் பள்ளியின் பாடத்திட்டம், பிரிப்பரேட்டரியில் தொடங்கி லெவல் 1 முதல் 10 வரை போகும். அதில் ரிதம் துணைக்கு வராது, இரண்டு கையும் தனித்தனி வேலை செய்யவேண்டும், ஒரு கை மென்மையாகவும் மற்றது அழுத்தியும் வாசிக்கவேண்டும். உங்கள் மகளைக் கொஞ்சம் கீழே இருந்து தொடங்கச் சொன்னால் மனசு கஷ்டப்படாதீர்கள், ராகமும் தாளமும் அவளுக்கு ஏற்கெனவே தெரியும், விரல் பழக்கம்தான் வேறு.

டீச்சர் "கீபோர்டே போதும், டிரினிட்டியையே தொடரலாம்" என்று சொல்லிவிட்டால் உங்கள் வேலை சுலபம். 61 கீ, அழுத்தத்துக்கு ஏற்ப சத்தம் கூடிக் குறையும் டச் ரெஸ்பான்ஸ் இருக்கவேண்டும், அவ்வளவுதான். இதில் ஏமாறுகிறவர்கள் நிறைய, ஏனென்றால் மலிவு மாடல்களில் பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். காசியோ சிடி-எஸ்200-இல் டச் கிடையாது, சிடி-எஸ்300-இல் உண்டு, யமஹா பிஎஸ்ஆர்-இ373-இலும் உண்டு. இந்த ரகம் புதுசாகவே உங்கள் 400-க்குள் கிடைத்துவிடும், ஆனால் ஒட்டியிருக்கும் விலைக்கு மேல் 13 சதவீதம் எச்எஸ்டி என்ற விற்பனை வரி சேரும், அதை மறந்து பட்ஜெட் போடாதீர்கள். 600 குரல், 200 ரிதம் என்று அட்டைப்பெட்டியில் அடித்திருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், பிள்ளைகள் முதல் வாரம் நாய் குரைப்பதையும் ஹெலிகாப்டரையும் போட்டு விளையாடுவார்கள், அப்புறம் பியானோ ஒன்றுதான்.

பியானோதான் என்றால் கதை வேறு. டச் ரெஸ்பான்ஸ் இருந்தாலும் அந்தக் கீகள் வெறும் ஸ்பிரிங், தொட்டாலே இறங்கிவிடும். நிஜப் பியானோவில் ஒவ்வொரு கீயும் ஒரு சுத்தியலைத் தூக்கி அடிக்கிறது, அந்தக் கனம் விரலுக்குப் பழகவேண்டும். அதற்குத்தான் 88 கீயும் வெயிட்டட் ஆக்ஷனும் கேட்கிறார்கள். ஸ்பிரிங் கீயில் ஆறு மாதம் பழகிய பிள்ளை டீச்சர் வீட்டுப் பியானோவில் உட்கார்ந்தால் பாதி ஸ்வரம் சத்தமே வராது, வீட்டில் நன்றாக வாசித்தேனே என்று அழும். யமஹா பி-145, அதற்கு முந்தின பி-45, ரோலண்ட் எஃப்பி-10, காசியோ சிடிபி-எஸ்110, இந்த நாலில் எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதை எடுங்கள், எனக்கு எஃப்பி-10-இன் கீதான் பிடிக்கும், ஆனால் ஒரு எட்டு வயசுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் பெரிசில்லை. "செமி வெயிட்டட்" என்று எழுதியிருந்தால் அதில் சுத்தியல் கிடையாது, 88 கீ என்ற எண்ணிக்கை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

இவை புதுசு என்றால் 400-க்குள் வராது, வரி வேறு. அதனால் உங்கள் 400-க்குப் பழசுதான் வழி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இந்த ஊரில் நிறையப் பிள்ளைகள் ஒரு வருஷத்தில் விட்டுவிடுகிறார்கள், அந்தப் பியானோக்கள் எல்லாம் கிஜிஜி என்ற விளம்பரத் தளத்திலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் வந்து நிற்கும். தனி ஆளிடம் வாங்கினால் எச்எஸ்டியும் இல்லை. முன்பணம் அனுப்பினால்தான் எடுத்துவைப்பேன் என்று சொல்கிறவரை உடனே விட்டுவிடுங்கள், இ-டிரான்ஸ்ஃபரில் (வங்கிக் கணக்கிலிருந்து ஈமெயில் வழியாக அனுப்புவது) போய்ச் சேர்ந்த பணம் திரும்பாது. பயமாக இருந்தால் லாங் அண்ட் மெக்குவேட் என்ற இசைக் கருவிக் கடையில் மாத வாடகைக்கும் எடுக்கலாம், அங்கே பழைய சாமானும் விற்பார்கள். மகள் இங்கே பியானோவை விரும்புகிறாளா என்று தெரியாத நிலையில் இரண்டு மாத வாடகை கெட்ட யோசனை இல்லை.

பழசைப் பார்க்கப் போகும்போது மகளை வாசிக்கச் சொல்லிவிட்டுத் தலையாட்டி வந்துவிடக் கூடாது. கீழ்க் கோடியிலிருந்து மேல் கோடி வரை எல்லாக் கீயையும், கறுப்பும் சேர்த்து, ஒரே மாதிரி மெதுவாக ஒருமுறை அழுத்துங்கள். ஒரே ஒரு கீ மட்டும் திடீரென்று காதைப் பிளக்கிற மாதிரி கத்தினால் அடியில் இருக்கும் ரப்பர் பட்டையில் தூசியோ தேய்மானமோ இருக்கிறது. சுத்தம் செய்தால் சரியாகலாம், ஆனால் பிரிக்கிற வேலை உங்களுடையது, அதற்கேற்ப விலையைக் குறையுங்கள். அப்புறம் பெடலை மிதித்துப் பாருங்கள், வால்யூமை மேலும் கீழும் திருப்பிக் கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள், உங்கள் ஹெட்ஃபோனைக் கொண்டுபோய்ச் செருகுங்கள். யமஹா பி-45 போன்றவற்றில் பெரிய 6.35 மில்லிமீட்டர் துளை, ஒரு சின்ன கன்வெர்ட்டர் பின் தேவைப்படும். புளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம், அழுத்திய பிறகு சத்தம் தாமதமாக வரும், தாளம் கெட்டுப்போகும்.

ஹெட்ஃபோன் போட்டால் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவில்லை என்று நினைப்பீர்கள். கனமான கீ அடியில் போய் மோதும் "தொப் தொப்" சத்தம் தரை வழியாக இறங்கும், மரத் தளம் என்றால் கேட்கவே வேண்டாம். ஸ்டாண்டுக்கு அடியில் தடியான ரப்பர் விரிப்பு போட்டு, இரவு ஒன்பதுக்கு மேல் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். மேஜையே 75 சென்டிமீட்டர் உயரம் இருக்கும், அதன்மேல் கீபோர்டு ஏறினால் பிள்ளை தோளைத் தூக்கிக்கொண்டுதான் வாசிப்பாள். முழங்கை கீயின் மட்டத்தில் இருக்கவேண்டும், பாதம் தொங்கக் கூடாது, கீழே ஒரு சின்ன ஸ்டூல் போதும். எக்ஸ் வடிவ ஸ்டாண்டு 88 கீயின் கனத்துக்கு ஆடும், குறுக்குச் சட்டம் உள்ள இசட் வடிவம் பாருங்கள், அதற்கும் பெஞ்சுக்கும் 100 டாலர் ஒதுக்கிவையுங்கள்.

அவளுக்குப் பாட்டு வகுப்பும் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருந்தால் போதும், ஒரு கட்டை என்பது சி, ஐந்து கட்டை என்பது ஜி, பாட்டு டீச்சர் சொல்லும் கட்டைக்கு மாற்றிவிட்டு, பழகின கீயிலேயே வரிசை வாசிக்கலாம். கமகம் எப்படியும் கீயில் வராது, அதற்காக ஸ்வரத்தை வளைக்கிற பிட்ச் பெண்ட் வீல் தேடி அலையவேண்டாம்.

ஊர்க் காசியோவை விட்டுவிடுங்கள், மாமியாரின் 23 கிலோவில் அரிசி மாவும் வடகமும் வரட்டும். அப்படியும் கொண்டுவருவதானால் அடாப்டரின் பின்பக்கம் படியுங்கள்: 100-240 வோல்ட் என்று இருந்தால் பின் மட்டும் மாற்றினால் சரி, 220-240 மட்டும் என்றால் இங்கே 120 வோல்ட்டில் ஓடாது, பழைய அடாப்டரில் அவுட்புட் என்று போட்டிருக்கும் அதே வோல்ட்டேஜும் அதே பிளஸ்-மைனஸ் துருவமும் உள்ள, 120 வோல்ட்டில் ஓடும் வேறு அடாப்டர் வாங்கவேண்டும்.

பழசைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன்னால் கார் உள்ள நண்பரைக் கேட்டுவையுங்கள். 88 கீ என்பது 130 சென்டிமீட்டர் நீளம், பதினோரு பன்னிரண்டு கிலோ, டிடிசி என்ற டவுன் பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாது. பின் சீட்டை மடக்கினால் சாதாரண செடானில் சாய்வாகப் போய்விடும், பழைய போர்வை ஒன்று எடுத்துப் போங்கள். ஜனவரி குளிரில் கொண்டுவந்தால் போர்வையைப் பிரிக்காமல் வீட்டுக்குள் இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே விடுங்கள், குளிர்ந்த கருவி வீட்டின் சூடான காற்றுக்கு வந்ததும் உள்ளே ஈரம் கோக்கும், அது காய்வதற்குள் மகள் சுவிட்சைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.