மாதிரி எடுப்பது எப்படி? கள ஆய்வு செய்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஆய்வுக்காகக் கேள்வி கேட்கத் தேர்ந்தெடுக்கும் ஆட்கள், அதாவது மாதிரி, 384 பேர் என்றே எங்கள் டிபார்ட்மென்டில் எல்லோரும் எழுதுகிறார்கள் சார். அந்த எண் எங்கிருந்து வருகிறது? எனக்கும் அது போதுமா? (எம்.எஸ்.டபிள்யூ. மாணவி)

கணக்குப் போட்டால் வருகிற எண்தான் அம்மா. 5% வரை பிழை, 95% நம்பிக்கை அளவு (இதே ஆய்வை 100 முறை செய்தால் சுமார் 95 முறை விடை அந்தப் பிழைக்குள் இருக்கும்), பாதிப் பேர் 'ஆம்', பாதிப் பேர் 'இல்லை' என்று வைத்துக்கொண்டால் 384 வரும். 10 லட்சம் பேர் உள்ள ஊருக்கு அதே 384. 10,000 பேருக்கு 370, 1,000 பேருக்கு 278. ஊர் பெரிதானால் மாதிரியும் அதே அளவு பெருக வேண்டும் என்ற நினைப்பு தவறு என்பது இதிலேயே தெரியும். பிழையைப் பாதியாகக் குறைக்கத்தான் நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும்.

ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் குலுக்கலில் தேர்வானால்தான் இந்தக் கணக்கு செல்லும். நான்கு தெருவை எடுத்து, தெருவுக்கு 96 பேரைப் பார்த்தால் செல்லாது. ஒரே தெருக்காரர்களின் வருமானம், சாதி, குடிநீர் வசதி எல்லாம் பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும். 12 பேரைக் கேட்டபின் அடுத்தவரிடம் புதிதாகத் தெரிய வருவது கொஞ்சம்தான். 32 தெரு, தெருவுக்கு 12 பேர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அலைச்சல் கூடும், ஆனால் தரவு நன்றாக இருக்கும்.

வாட்ஸ்அப்பில் கூகுள் ஃபார்ம் அனுப்பி 2,000 பதில் வாங்கிவிட்டேன். இவ்வளவு பெரிய எண்ணிக்கையைக்கூட கைடு ஏற்க மறுக்கிறார். (பிஎச்.டி. மாணவர்)

உங்கள் கைடு சொல்வது சரி. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை ஏறக்குறைய 1 கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். ஜெயித்தவர் ரூஸ்வெல்ட், அதுவும் 48 மாநிலங்களில் 46-ல். முகவரிகளைப் பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் பதிவுப் பட்டியலிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? மெனக்கெட்டுப் பதில் அனுப்பியவர்களும் ஒரு சாராராகவே இருந்தார்கள். அதே தேர்தலில் அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்து, கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் சரியாகச் சொன்னார்.

உங்கள் ஃபார்ம் யார் யார் குரூப்பில் போனது, அதைப் பார்த்தும் நிரப்பாதவர்கள் யார் என்பது உங்களுக்கே தெரியாது. இன்னும் 2,000 சேர்த்தாலும் அது தெரியப்போவதில்லை.

தேர்வான வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளலாமா? (களப்பணியாளர்)

கூடாது தம்பி. காலை 11 மணிக்குப் பூட்டிக் கிடக்கும் வீடு யாருடையது? கணவனும் மனைவியும் கட்டட வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ போயிருப்பார்கள். திறந்திருக்கும் பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்றவரோ வேலைக்குப் போகாதவரோ இருப்பார். ஒவ்வொரு ஊரிலும் இப்படி மாற்றிக்கொண்டே போனால், உழைக்கிறவர்கள் உங்கள் ஆய்விலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போவார்கள். மாலை 7 மணிக்கு மறுபடி போங்கள், ஞாயிற்றுக்கிழமை போங்கள். அப்போதும் ஆள் இல்லையென்றால் 'பதில் கிடைக்கவில்லை' என்று எழுதுங்கள், வேறு வீட்டைச் சேர்க்காதீர்கள்.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பிலும் இதே விதிதான். ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுத்ததும் முதலில் வரைபடம் போட்டு வீடுகளை வரிசையாகப் பட்டியல் எடுப்பார்கள். அதிலிருந்து 22 வீடுகளை எடுப்பார்கள். ஆள் இல்லாத வீட்டுக்கு மாற்று வீடு கிடையாது.

பட்டியல் எடுக்கும்போதே கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மெயின் ரோட்டில் நின்றபடி எண்ணினால் மாடியில் போட்ட தகரக் கொட்டகை, வாட்ச்மேன் அறை, ஊருக்கு வெளியே உள்ள காலனி எல்லாம் விட்டுப்போகும். விட்டுப்போவது எப்போதும் ஏழைகளின் வீடுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கலாமா? (திருப்பூர் வாசகர்)

தேர்தல் ஆய்வென்றால் தாராளமாக. தேர்தல் ஆய்வுகள் நடத்தும் டெல்லி லோக்நீதி குழுவினரும் அப்படித்தான் எடுக்கிறார்கள். ஆனால் நீங்கள் பனியன் கம்பெனித் தொழிலாளர்களைப் பற்றிச் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். விடுதிகளையும் வரிசை வீடுகளையும் நீங்களே பட்டியல் எடுங்கள்.

படுகை மாதிரிக்கும் கொத்து மாதிரிக்கும் என்ன வித்தியாசம்? (பி.ஏ. மாணவர்)

முதலாவதில் மக்களை வயது, தொழில் போன்ற பிரிவுகளாகப் பிரித்து, எல்லாப் பிரிவிலிருந்தும் சிலரை எடுப்பீர்கள். இரண்டாவதில் தெரு, கிராமம் போன்ற கொத்துகளில் சிலவற்றை மட்டும் எடுத்து, அவற்றுக்குள் இருப்பவர்களைக் கேட்பீர்கள்.

திருநங்கையர் பற்றி ஆய்வு செய்கிறேன். பட்டியலே கிடையாது. ஒருவர் மூலம் இன்னொருவர் என்று போகலாமா என்று உங்கள் குழுவினரிடம் கேட்டேன், உங்களிடம் கேட்கச் சொன்னார்கள். (ஆய்வு மாணவி)

போகலாம், அதுதான் பனிப்பந்து முறை. ஒரே ஜமாத்திலிருந்து (திருநங்கையர் சேர்ந்து வாழும் குழு) தொடங்காமல் நான்கைந்து வேறு வேறு இடங்களிலிருந்து தொடங்குங்கள். ஒருவர் மூன்று பேரைத்தான் காட்டலாம் என்று வரம்பு வையுங்கள். யார் யாரைக் காட்டினார், அவருக்கு எத்தனை பேரைத் தெரியும் என்று குறித்துக்கொள்ளுங்கள். 1997-ல் அமெரிக்க சமூகவியலாளர் ஹெக்கத்தார்ன் இதை ஒழுங்குபடுத்தி, ஆளுக்குச் சில கூப்பன் கொடுத்து, யார் மூலம் யார் வந்தார் என்று கணக்கு வைக்கும் முறையாக்கினார். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் சதவீதம் போடாதீர்கள். 'நான் சந்தித்தவர்களில்' என்று எழுதி, அவர்கள் சொன்னதை விரிவாகப் பதிவு செய்யுங்கள்.