செயலாளர்களைத் தேடும் தகப்பனாருக்கு

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். வட மாகாண அமைச்சுகளுக்கு வெளிநாட்டிலுள்ள எங்கள் நிபுணர்களையே செயலாளர்களாக்க வேண்டும் என்று, யாருக்கு எந்தப் பதவி என ஒரு கொப்பி நிறைய எழுதியிருக்கிறேன். 2022இல் நந்தலால் வீரசிங்க அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து மத்திய வங்கியை ஏற்கவில்லையா? பட்டியலை மகள் தட்டச்சு செய்து தருகிறாள். அவளுக்கும் நிர்வாக சேவைப் பரீட்சையில் சித்தி கிடைத்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. கனடா மாப்பிள்ளை பேசியிருப்பதால் அந்த அலைச்சல் வேண்டாமென்று விட்டோம். கொப்பியை யாரிடம் கொடுப்பது?
- கோண்டாவில் வாசகர்

பதில்: ஐயா, கொப்பி கிடக்கட்டும். ஆயிரக்கணக்கானோர் எழுதி மிகச் சிலரே தேறும் பரீட்சையில் தேறிய பிள்ளையை வீட்டில் இருத்தி, ரொறன்ரோ மருத்துவருக்கும் லண்டன் கணக்காளருக்கும் நீங்கள் பதவி பங்கிடும் பட்டியலை அவள் கையாலேயே தட்டச்சு செய்விக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

வீரசிங்க வெளியாள் அல்லர். அதே மத்திய வங்கியில் படிப்படியாக உயர்ந்து, சிரேஷ்ட பிரதி ஆளுநராக இருந்து ஓய்வுபெற்ற பிறகே அவுஸ்திரேலியா போனவர். 2024இல் வடக்கின் ஆளுநராக நியமிக்கப்பட்ட நா. வேதநாயகனும் யாழ்ப்பாணத்தில் மாவட்ட நிர்வாகத்தின் தலைவரான அரசாங்க அதிபராக இருந்தவரே. அரச செலவு விதிகளான நிதிப் பிரமாணமும் அரச ஊழியர் விதிகளான தாபனக் கோவையும் கைப்பழக்கமாகாத ஒருவர், எத்தனை பட்டம் பெற்றவராயினும், செலவழியாத ஒதுக்கீடு டிசம்பர் 31உடன் கைநழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். நிர்வாக சேவையில் சேர்ந்து, உதவிப் பிரதேச செயலாளராக முல்லைத்தீவிலோ மன்னாரிலோ இருந்து, வெள்ள நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டுப்போன ஒரு கிழவிக்கு முகங்கொடுத்துப் பதில் சொல்லும்போதுதான் அந்தப் பழக்கம் வரும். நீங்கள் அலைச்சல் என்று எழுதியது இதைத்தான்.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில், அதாவது அரசாங்கத்தில், மேய்க்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள் (சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் எண்ணித்தான் என்பதையும் ஒப்புக்கொள்வோம்). தன் வீட்டுப் பிள்ளையை இந்த மண்ணின் வேலைக்கு விட மனமில்லாத தகப்பனுக்கு, ஊரார் பிள்ளைகளை வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று அழைக்க உரிமை கிடையாது. கலியாணம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. மாப்பிள்ளை இங்கே வரட்டும். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் திரும்பி வரவேண்டும் என்பது உங்கள் கொள்கைதானே?

நேர்முகத் திகதி கடந்துவிட்டதா என்பதை நீங்கள் எழுதவில்லை. கடக்கவில்லையென்றால் கொழும்புக்கு இரவு பஸ்ஸில் இரண்டு இருக்கைகளைப் பதிவு செய்யுங்கள். கடந்திருந்தால், அடுத்த வர்த்தமானி அறிவித்தல் வரும்போது அவள் வயதெல்லைக்குள் இருப்பாளா என்று இன்றே அவளிடம் கேளுங்கள்.