கம்ப்யூட்டர் இல்லாமல் சி.டி. ஸ்கேன்

அன்புள்ள சார்,

எக்ஸ்ரே பற்றி நீங்கள் எழுதியதை வகுப்பில் வாசித்தேன். ஒரு மாணவி, "கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் உடம்பின் குறுக்குவெட்டுப் படம் எடுக்கவே முடியாதா டீச்சர்?" என்றாள். வெறும் வெளிச்சமும் லென்ஸும் வைத்து முடியுமா?

– ஓர் ஆசிரியை, கோத்தகிரி

அன்புள்ள டீச்சர்,

முடியும். சி.டி. ஸ்கேனை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவியில் முதல் நோயாளி படுத்தது 1971-ல். ஆனால் 1940-லேயே காப்ரியேல் ஃபிராங்க் வாங்கிய ஜெர்மன் காப்புரிமையில் இந்த வழி இருக்கிறது. ஒரே குறுக்குவெட்டுத் தளத்தைச் சுற்றிச்சுற்றி எடுத்த எக்ஸ்ரே நிழல்களை, கோணத்துக்கு ஒரு வரியாக, ஒரே ஃபிலிமில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதிய வேண்டும். உதாரணமாக, அந்தத் தளத்தில் நடுவிலிருந்து விலகி ஓர் ஆணி நின்றால், அது ஃபிலிமில் ஆணியாகத் தெரியாது, மேலிருந்து கீழே நெளிந்து இறங்கும் சைன் அலையாகத் தெரியும். அப்புறம் அந்த ஃபிலிமை ஒரு குறுகிய இடுக்குக்குப் பின்னால் நகர்த்தி, வரிவரியாக ஒளி பாய்ச்சி, உருளை லென்ஸால் ஒவ்வொரு வரியையும் ஒரு திசையில் மட்டும் நீளமாக இழுத்து, அதே கோணத்துக்குத் திரும்பி நிற்கும் போட்டோ பேப்பரில் விழவைத்தால், ஒரு சுற்று முடிவதற்குள் பட்டைகள் எல்லாம் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஆணி கறுப்புப் புள்ளியாக வந்து உட்கார்ந்துவிடும். கணக்குப் போடுவது பேப்பரில் பூசிய வெள்ளி உப்பு! விழுகிற ஒளியைக் கூட்டிக்கொண்டே போகிறது. இதைவிட அழகான கூட்டல் எனக்குத் தெரியாது.

சிக்கல் கழித்தலில்தான். புள்ளியைச் சுற்றிச் சாம்பல் மூட்டம் படரும். அதை நீக்க, பரப்புவதற்கு முன்பே ஒவ்வொரு நிழலிலும் அக்கம்பக்கத்தைக் கொஞ்சம் கழித்துக் கூர்மையாக்க வேண்டும். 1971-ல் ஜி.என். ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் அதை எளிய கணக்காக்கிக் கொடுத்தார்கள், 'ராம்-லாக்' வடிகட்டி என்று இன்றும் அவர்கள் பெயரில்தான் வழங்குகிறது. (ரேடியோ வானியலில் இதே மாதிரிக் கணக்கை பிரேஸ்வெல் 1956-லேயே எழுதினார். அவருடைய மாணவர் கோவிந்த் ஸ்வரூப்தான் ஊட்டி பக்கத்தில் இருக்கும் நம் முத்தொரை ரேடியோ தொலைநோக்கியை அமைத்தவர்.) ஆனால் சாதாரண வெளிச்சத்தில் மைனஸ் கிடையாது, கூட்டத்தான் முடியும். லேசரில் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும், அதனால் லென்ஸின் குவியத்தளத்தில் (ஒளி குவியும் இடத்தில்) நடுவில் கறுத்து ஓரம்போகத் தெளியும் ஒரு தட்டை வைத்தே மூட்டத்தைக் கழித்துவிடலாம்.

வகுப்பில் எக்ஸ்ரே வேண்டாம். கறுப்பு ஷீட்டில் உயரம் வேறான இரண்டு சைன் அலைகளைக் கீறிக்கொள்ளுங்கள், உருளை லென்ஸுக்குப் பதில் கண்ணாடிக் கம்பி போதும். பேப்பரைக் கழுவும் முன், புள்ளிகள் எங்கே வரும் என்று அந்தப் பெண்ணையே குறித்து வைக்கச் சொல்லுங்கள்.