மறுமொழி: ஒன்றிரண்டு அயனிகளை வைத்து நிறையை அளக்க முடியுமா?

நாளுக்கு ஒன்றிரண்டு அயனிதான் வருகிறது, பென்னிங் பொறியில் (காந்தப்புலத்தில் அயனியைச் சுழலவிட்டு, சுழலும் அதிர்வெண்ணிலிருந்து நிறையைக் காணும் கருவி) அதிர்வெண் வளைவை எப்படி வரைவது என்று கேட்டிருக்கிறீர்கள். வரைய முடியாது, அதற்குப் பத்துக்கணக்கில் அயனிகள் வேண்டும். கட்டப் (phase) படமெடுப்பு முறைக்கு மாறுங்கள். அயனியைச் சற்று நேரம் சுழலவிட்டு, உணர்கருவியில் எங்கே விழுகிறது என்று பார்ப்பது. விழுந்த இடத்தின் கோணம் அதிர்வெண்ணைச் சொல்லிவிடும், ஒவ்வோர் அயனியும் கணக்கில் சேரும்.

ஆனால் விழுந்தது உங்கள் அயனியா, வேறு ஏதாவது குப்பை அயனியா? ஜப்பானின் ரிக்கென் ஆய்வுக்கூடத்தில் டப்னியம்-257 என்ற மீகன அணுவின் நிறையை அளந்தபோது இதே தலைவலிதான். அவர்களுடையது பென்னிங் பொறி அல்ல, அயனியைக் கண்ணாடிகளுக்கிடையே பலமுறை ஓடவிட்டுப் பறப்பு நேரம் பார்க்கும் கருவி. அதன் உணர்கருவிக்குள்ளேயே ஆல்ஃபா துகள் உணரியையும் பதித்தார்கள். விழுந்த அணு அடுத்துச் சிதையும்போது வெளிவரும் ஆல்ஃபா துகளின் ஆற்றலே அடையாளம். வெறும் 11 நிகழ்வுகளில் நிறை கிடைத்தது! முதலில் அந்த உணரிக்கு இடம் பாருங்கள்.