21 விளக்குக்கு எண்ணெய்

கேள்வி: எங்கள் பகவதி கோயிலில் வருஷா வருஷம், தோல் பாவைகளின் நிழலைத் திரையில் விழவைத்து ராமாயணம் சொல்லும் தோல்பாவைக்கூத்து நடக்கிறது. பார்க்க ஆளே இல்லை. யாரும் பார்க்காத கலைக்கு அரசு ஏன் மக்கள் பணத்தைக் கொடுக்க வேண்டும்?
- ஒரு வாசகர், பாலக்காடு

பதில்: ஆள் இல்லை என்பது உண்மைதான். போன மாசியில் பாரதப்புழை ஓரத்துக் கோயில் ஒன்றில் ராத்திரி ஒரு மணிக்கு எண்ணிப் பார்த்தேன், முற்றத்தில் என்னையும் சேர்த்து 3 பேர். கூத்துக்கென்றே கட்டிய மேடையான கூத்துமாடத்தில் திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி வரிசையாக 21 விளக்கு. பாவை ஆட்டுகிறவரைப் புலவர் என்பார்கள்; அந்தப் புலவர் கம்பன் பாட்டு ஒன்றைப் பாடி, தமிழும் மலையாளமும் கலந்து பொருள் சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு திரி மங்கியதும் பேச்சை நிறுத்தாமலே விரலால் அதைத் தூண்டிவிட்டு, விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காக ஆடுவது என்பது ஐதீகம், அதனால் அந்த 3 பேரும் எழுந்து போயிருந்தாலும் கூத்து நின்றிருக்காது.

சரி, அம்மனுக்கு ஆடட்டும், அரசு ஏன் தரணும் என்பீர்கள். முன்பு இந்த எண்ணெய்க்கும் புலவர்களின் சாப்பாட்டுக்கும் நெல் கொடுத்தவை நிலம் வைத்திருந்த தறவாடுகளும் (பெரிய கூட்டுக் குடும்பங்கள்) கோயில்களும். 1970இல் கேரளத்தில் நிலச்சீர்திருத்தம் முழுசாக நடைமுறைக்கு வந்தது, உழுதவனுக்கு நிலம் கிடைத்தது, அதைத் தப்பென்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் கலைக்கு வந்துகொண்டிருந்த நெல்லும் அதோடு போயிற்று, அந்த இடத்தை அரசுதான் நிரப்ப வேண்டும் என்பது என் கட்சி.

நிரப்பவே இல்லை என்று சொல்ல முடியாது. டெல்லியில் 1953இல் சங்கீத நாடக அகாடமி, திருச்சூரில் 1958இல் மாநில அகாடமி, அப்புறம் கண்ணூரில் நாட்டுப்புறக் கலைகளுக்கான ஃபோக்லோர் அகாடமி என்று வந்தன. 2021இல் தோல்பாவைக்கூத்துக் கலைஞர் ராமச்சந்திர புலவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் பத்மஸ்ரீயோடு ரொக்கம் ஒரு ரூபாய்கூட வராது, தெரியுமா? விழா மேடைக்குக் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் முடிக்கச் சொல்கிறார்கள், 21 ராத்திரி ஆடுகிற கதையை! அப்படியே பழகிவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அந்த ஒரு மணி நேரம்தான் தெரியும்.

கேரள அரசின் வஜ்ரஜூபிலி ஃபெலோஷிப் எனக்குப் பிடித்த திட்டம். இளம் கலைஞருக்கு மாதாமாதம் பணம், பதிலுக்கு அவர் பஞ்சாயத்தில் இலவசமாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். விருதைவிட இது மேல், ஏனென்றால் ஆயிரக்கணக்கான பாட்டை மனப்பாடம் செய்கிற பையனுக்கு அத்தனை வருஷமும் சோறு வேண்டுமே. இதோடு ராத்திரிக் கணக்கில் கூத்துமாடத்துக்கே பணம் தரலாம். பாட்டு தமிழ் என்பதால், கம்பனைப் பிழையில்லாமல் சொல்லித்தர ஒரு தமிழாசிரியருக்கும் அதே ஃபெலோஷிப் கொடுக்கலாம். 1956இல் மாநிலம் பிரிந்ததால் கம்பன் பாட்டு எல்லை தாண்டிப் போய்விடவில்லை, இங்கேயேதான் இருக்கிறது.

கேள்வி: பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா? எப்போது போனால் நல்லது?
- ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: தாராளமாக. ஜனவரியிலிருந்து மே வரை ஒவ்வொரு கோயிலில் ஒவ்வொரு சமயம் நடக்கும், கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி ராத்திரி பட்டாபிஷேகம், அன்றைக்குப் போங்கள். பாயும் போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் நடுவில் தூங்கினால் தூங்கட்டும், பட்டாபிஷேகக் கட்டம் வந்தால் எழுப்பிவிடுங்கள்.